பதி, பசு, ஜிலேபி

இன்று கப்பலை விட்டு இறங்குவதில்லை என்று அர்த்தனாரி காலை ஆறரை மணிக்குப் போர்வைக்குள் சங்கல்பம் செய்துகொண்டார். பிறவிக் கடலைக் கடந்து கரையேறுவதற்காகத் தவம் கிடந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். கரையேறாமல் இருப்பதற்காகத் தவம் கிடந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

கப்பல் திருகோணமலைத் துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்தது. வெளியே மழை. குன்றின் மேலிருக்கும் கோணேசர் கோயிலுக்குப் பயணிகளைப் பேருந்தில் அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. ஈசனைக் காண அர்த்தனாரிக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் உடம்பில் ஒவ்வொரு மூட்டும் தனித்தனியே விடுப்பு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தது.

அவர் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கொல்லிமலையில் குண்டூர் நாட்டு மருந்தகத்தில் முப்பத்தொரு வருடம். காளப்பநாயக்கன்பட்டியில் காலை முதல் பேருந்தைப் பிடித்தால் எழுபது கொண்டை ஊசி வளைவு மேலே. மாலையில் அதே எழுபதும் கீழே. ஓய்வு பெற்ற அன்று, "இனி வளைவில்லாத வாழ்க்கை" என்று மாலையோடு நின்று பேசினார். எதிரே உட்கார்ந்து கைதட்டியவர்களில் அவருடைய மனைவி அம்சவேணியும் ஒருத்தி. அவள் கைதட்டியதை அவர் அப்போது கவனித்திருக்கவேண்டும்.

அர்த்தனாரி என்ற பெயரிலேயே பாதி உடல் மனையாளுக்கு என்று எழுதியிருக்கிறது. மற்றப் பாதி உத்தியோகத்தில் இருந்தது. பணி ஓய்வுக்குப் பின் அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் சுஜிதா, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்திற்கு இந்தக் கப்பல் பயணத்தைப் பரிசளித்தாள். ஐந்து நாள் ஓய்வு என்றாள். அந்த ஓய்வு எப்படிப்பட்டது என்பதைக் கேளுங்கள். ஐந்து மணிக்குச் சூரியோதயம் பார்க்க மேல்தளம். ஆறு மணிக்கு யோகாசனம். ஏழு மணிக்கு இட்லி வரிசை. ஒன்பது மணிக்குக் கைத்துண்டு மடிக்கும் வகுப்பு. பத்து மணிக்கு மந்திர வித்தை. "புள்ள ஆசையா அனுப்பி வெச்சிருக்குது, ஒண்ணையும் உட்டுப்போடக் கூடாதுங்க" என்பது அம்சவேணியின் கொள்கை. மூன்று நாளில் அர்த்தனாரிக்குத் துண்டில் அன்னம் செய்யத் தெரிந்துவிட்டது. தட்டில் அன்னம் பார்த்துத்தான் வெகு நாளாயிற்று. அவருக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. அம்சவேணியின் கையால் இரண்டு சப்பாத்தி. அவ்வளவுதான்.

ஆனால் முந்தின நாள் மாலை, மறுநாளின் நிகழ்ச்சித் தாளைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. அதில் ஒரு வரி: காலை பதினொரு மணி, மேல்தள உணவுக்கூடம், கண்ணெதிரே பிழியும் நெய் ஜிலேபி. அர்த்தனாரி பேனாவை எடுத்து அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் போட்டார். அதுவே பாதி ஜிலேபி போல இருந்தது. தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தார்.

திட்டம் எளியது. அம்சவேணி கோயிலுக்குப் போவாள். அவர் பதினொன்று வரை தூங்குவார். ஜிலேபி சாப்பிடுவார். மறுபடியும் தூங்குவார். முத்தி நான்கு வகை என்பார்கள். ஜிலேபி இருக்கும் கூடத்தை அடைவது சாலோகம். வாணலிக்கு அருகில் நிற்பது சாமீபம். தின்று தின்று அதன் வட்ட வடிவத்தையே பெறுவது சாரூபம். இரண்டறக் கலப்பது சாயுச்சியம். நான்கையும் ஒரே முற்பகலில் முடித்துவிட அவர் எண்ணியிருந்தார்.

"ஏனுங்க, எந்திரிங்க. கோயிலுக்குப் பஸ்ஸு நிக்குதாமா. மழை வேற சோன்னு ஊத்துது."

அர்த்தனாரி ஒரு கண்ணைப் பாதி திறந்தார்.

"அம்சா… தலை சுத்துது புள்ள."

"எந்தப் பக்கமாங்க?"

"சுத்தறதுல என்ன பக்கம்?"

"இல்லீங்க. எழுபது வளைவுல முப்பத்தோரு வருசம் போயி வந்த தலைங்க. டிரைவருக்கே சுத்துனாலும் உங்களுக்குச் சுத்துனதில்ல. கட்டிப்போட்ட கப்பல்ல சுத்துதுங்கறீங்களே, அதான் கேட்டேன்."

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்த்திருந்தார்.

"அங்கதான் சூட்சுமம். ஆடி ஆடிப் பழகுன ஒடம்பு. மூணு நாளாக் கப்பல் ஆடுச்சு, நானும் நல்லாருந்தேன். இப்ப நின்னுபோச்சு. நிக்கவும் சுத்துது."

"அப்படிங்களா."

அந்த 'அப்படிங்களா'வில் வியப்பும் இல்லை, வினாவும் இல்லை. அர்த்தனாரி அத்துடன் வாயை மூடியிருக்கலாம். ஆனால் ஒரு பொய் நன்றாக நின்றால் அதற்குத் துணையாக இன்னொன்றை நட்டுவைக்க மனித மனம் விரும்புகிறது.

"வாந்தியும் எடுத்தேன். ரெண்டு தடவை."

"எப்பங்க?"

"நீ குளிக்கறப்ப."

"இந்த ரூமுக்கு இருக்கறதே ஒரு பாத்ரூமு. நான் அதுக்குள்ள குளிச்சிட்டிருந்தேன். நீங்க எங்கங்க எடுத்தீங்க?"

அர்த்தனாரி கூரையைப் பார்த்தார். ஜன்னல் இல்லாத அறை. பார்ப்பதற்கு வேறு இடம் இல்லை.

"வந்துச்சு. வெளிய வரல. முழுங்கிட்டேன்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

அம்சவேணி கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து அவர் நெற்றியைத் தொட்டாள். முகம் இளகிவிட்டது. "பாவமே. சரி, நீங்க படுத்துக்கோங்க. நானு பக்கத்து ரூம்பு கோகிலா டீச்சரோட போயிட்டு வாரேன். உங்க பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிப்போடறேன்" என்றாள்.

வெற்றி. அர்த்தனாரி கண்களை மூடி ஈசனுக்கு நன்றி சொன்னார். திறந்தபோது அம்சவேணி தொலைபேசியைக் காதில் வைத்திருந்தாள்.

"யாருக்குப் புள்ள போன்?"

"கப்பல் ஆஸ்பத்திரிக்குங்க."

"வேண்டாம்!" என்று துள்ளி எழுந்தார். பிறகு தலைசுற்றல் நினைவுக்கு வந்து, மெல்லப் படுத்துக்கொண்டார்.

ஐந்து நிமிடத்தில் நர்ஸ் அருணா வந்தாள். நாகர்கோவில் பெண். வாயில் முகமூடி, கையில் உறை. வாசலிலேயே நின்று கேட்டாள்.

"எத்தனை தடவை சார்?"

"ரெண்டுங்க. ரெண்டும் உள்ளயே இருக்குதுங்க" என்றாள் அம்சவேணி.

"உள்ள இருந்தாலும் வெளிய வந்தாலும் எங்களுக்கு ஒண்ணுதாம்மா. கப்பல்ல வாந்தின்னு ஒரு வார்த்தை சொன்னா விதி இதுதான். ஒருத்தருக்கு வந்தா ஆயிரம் பேருக்குப் பரவும். நாளைக்குக் காலைல வரைக்கும் சார் ரூமை விட்டு வெளிய வரக் கூடாது. கஞ்சி இங்கயே வந்துரும்."

"கஞ்சியா?" என்றார் அர்த்தனாரி. நோயாளியின் குரலுக்கு அது சற்று உரத்திருந்தது.

"அரிசிக் கஞ்சி சார். உப்புப் போட்டு."

அம்சவேணி தலையை ஆட்டினாள். "நம்ம கோமாரி வைத்தியந்தானுங்க இது. இவரு மலை பூராவும் இதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு."

உண்மைதான். கோமாரி கண்ட மாட்டைப் பார்த்தால் அர்த்தனாரி மலையில் எந்த வாசலிலும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார். "தனியாக் கட்டுங்க. கஞ்சித்தண்ணி மட்டும் ஊத்துங்க. நாலு மணி நேரம் போனா அது துள்ளும், ஒண்ணுமில்லாத மாதிரி பாசாங்கு பண்ணும். நம்பாதீங்க. அவுக்காதீங்க." முப்பத்தொரு வருடம் சொன்ன வசனம். அது அவருக்கே திரும்பி வரும் என்று எந்த மாடும் அவரிடம் சொல்லவில்லை.

அம்சவேணி மழைச்சட்டையை மாட்டிக்கொண்டாள். குடையை எடுத்தாள். வாசலில் அருணாவிடம் இரண்டு வார்த்தை தாழ்ந்த குரலில் பேசினாள். கதவு சாத்திக்கொண்டது.

அமைதி. அர்த்தனாரி தூங்கினார். மூன்று நாள் அயர்வும் முப்பத்தொரு வருட அயர்வும் சேர்ந்து அவரைக் கடலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தன. விழித்தபோது மணி பத்து ஐம்பத்தைந்து. மேசையில் கஞ்சி மூடி வைக்கப்பட்டிருந்தது. அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நாளைக் காலை வரை வெளியே வரக் கூடாது என்பது வாந்தி எடுத்தவனுக்குச் சொன்ன விதி. எடுக்காதவனை அது எப்படிக் கட்டும்? சித்தாந்தம் தெளிவாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

மேல்தளத்தில் கண்ணாடிகளின் மேல் மழை அறைந்துகொண்டிருந்தது. கூடத்தின் வாசலை அடைந்தார். சாலோகம். நெய் மணம் எதிர்கொண்டு அழைத்தது. சாமீபம். உள்ளே போகுமுன் அறைச்சாவி அட்டையை ஒரு சிறு பெட்டியின்மேல் காட்டவேண்டும். காட்டினார். மூன்று நாளும் பச்சையாக எரிந்த விளக்கு இன்று சிவப்பாக எரிந்தது. பெட்டி கூவியது. இன்னொரு முறை காட்டினார். இன்னும் உரக்கக் கூவியது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் அவர்களைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். வாணலிக்கு அருகில் இருந்த முதல் மேசையில், மழைச்சட்டையைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டு, கோகிலா டீச்சரோடு ஒருத்தி அமர்ந்திருந்தாள். அவள் கையில் ஒரு ஜிலேபி. அதன் ஒரு சுற்று ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. குன்றின்மேல் கோணேசர் சந்நிதியில் இருக்கவேண்டியவள் அவள்.

அர்த்தனாரி அறைக்குத் திரும்பி ஓடினார். தொலைபேசியை எடுத்தார். இனி உண்மை ஒன்றே துணை.

"நர்ஸம்மா, நான் அர்த்தனாரி. எனக்கு ஒண்ணுமே இல்லீங்க. வாந்தி, தலைசுத்தல் எல்லாமே பொய். நான் சொன்ன பொய்."

மறுமுனையில் அருணா பொறுமையாகச் சிரித்தாள்.

"ஆமா சார். அம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க. நாலு மணி நேரம் போனா துள்ளுவாரு, ஒண்ணுமில்லன்னு சொல்லுவாரு, நம்பாதீங்க, அவுக்காதீங்கன்னு. படுங்க சார். கஞ்சி குடிச்சீங்களா?"

பதி, பசு, பாசம் என்பது அவருக்குச் சிறு வயதிலேயே தெரியும். பதி தலைவன், பசு உயிர், பாசம் அதைக் கட்டியிருக்கும் கயிறு. கணவன் என்ற முறையில் தம்மைப் பதி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார். அன்றைய தினம் படுக்கும்போது பதியாகப் படுத்தவர் பசுவாக எழுந்தார். கயிறு எங்கே இருக்கிறது என்பதும் விளங்கிவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு அம்சவேணி வந்தாள். அவளுக்கு முன்னே நெய் மணம் வந்தது.

"அர்ச்சனை ஆச்சா?" என்றார் அர்த்தனாரி.

"கோயிலுக்கு எங்கங்க போறது? மழைக்குப் பஸ்ஸு போகாதுன்னு காலம்பற ஆறு மணிக்கே சொல்லிப்போட்டாங்க. கோகிலா டீச்சரு வந்து சொல்லுச்சு. நீங்க கொறட்டை உட்டுக்கிட்டிருந்தீங்க."

"அப்புறம் எதுக்கு எந்திரிங்க, பஸ்ஸு நிக்குதுன்னு என்னை எழுப்புனே?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தானுங்க."

அவள் தலையணைக்கு அடியில் கையை விட்டு மடித்த தாளை எடுத்தாள். விரித்தாள்.

"உனக்குத்தான் இங்கிலீசு தெரியாதே" என்றார் அவர்.

"இங்கிலீசு தெரியாதுங்க. வட்டம் தெரியுமுங்க."

அவள் கால்களை நீட்டி எதிர்க்கட்டிலில் சாய்ந்தாள். அப்போதுதான் அவர் கவனித்தார், அவளும் களைத்திருந்தாள்.

"எட்டு வருசமாச்சுங்க" என்றாள். "உங்களுக்குச் சர்க்கரைன்னு டாக்டரு சொன்ன அன்னைக்கு நம்மூட்டுப் பலகாரச் சட்டி பரண் ஏறுச்சு. நீங்க மலைமேல டீக்கடையில களவா மைசூர்பாகு தின்னுட்டு வருவீங்க. மீசையில ஒட்டியிருக்கும். நான் கேட்டதில்ல. எனக்கு எந்தக் கடை இருக்குது? உங்க கண்ணு முன்னால திங்க மனசும் வரல. கப்பல்லயாச்சும் உங்கள ஒரு பக்கமா அனுப்பிப்போட்டுத் திங்கலாமின்னு தெனமும் அஞ்சு மணியிலிருந்து உங்கள ஓட்டிக்கிட்டே கெடந்தேன். நீங்க யோகாசனத்துக்குக்கூட என்ற கூடவே வந்தீங்க."

"நீதானே கூட்டிட்டுப் போனே?"

"எங்காச்சும் ஒரு எடத்துல 'நான் வரல, நீ போ'ன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேனுங்க. இன்னைக்குத்தான் சொன்னீங்க."

அவர் கை தானாக மீசையைத் துடைத்துக்கொண்டது.

"எத்தனை தின்னே?" என்றார் அர்த்தனாரி.

"நாலுங்க."

"நெய்தானா?"

"நெய்யுங்க. கையில பிடிக்கவே சுடச்சுட வழிஞ்சுது."

அவர் கண்களை மூடி மூச்சை உள்ளே இழுத்தார். சாமீபத்துக்கு மேல் இன்று கதியில்லை. கஞ்சிக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். ஒரு வாய் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

"அம்சா, நீயாச்சும் அந்த நர்ஸுகிட்டச் சொல்லு புள்ள. சாயங்காலமாவது என்னை அவுத்து உடட்டும்."

"சொல்றேனுங்க. நானு அந்தப் பக்கந்தான் போறேன்." அவள் எழுந்து மழைச்சட்டையை மறுபடியும் மாட்டினாள். "நாலு மணிக்கு மறுபடியும் ஜிலேபி போடறாங்களாமா. கோயிலுக்குப் போக முடியாதவங்க மனசு நோகக் கூடாதுன்னு."

"நாலு மணிக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்குதே. இப்பவே எதுக்குச் சட்டை?"

"முதல் வரிசை வேணுமில்லீங்க?" கதவைத் திறந்தவள் ஒரு கணம் நின்று திரும்பினாள். "நர்ஸம்மா கேட்டா, இன்னும் துள்ளிக்கிட்டுத்தான் இருக்காருன்னு சொல்லிப்போடறேன்."