வேட்டி வெளுக்க வேண்டும்

"தம்பி, எம்பொண்ணுக்கு என்ன மஞ்சக்காமாலையா?"

போனில் நடனசபாபதி இப்படிக் கேட்டதும் செம்பியன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"ஐயய்யோ, எப்பலேர்ந்து சார்?"

"நீ அனுப்புன பென் டிரைவ டிவில போட்டதுலேர்ந்து! பிரீதா மொகம் மஞ்சள். மாப்பிள்ள வேட்டி மஞ்சள். ஐயரு பூணூல்கூட மஞ்சளா கெடக்கு. இதான் ஆல்பம்னா சம்பந்தி வூட்ல நான் எப்பிடித் தலை நிமிர்றது?"

செம்பியன் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாண ஆல்பம் செய்கிறவன். தொழில் நொண்டிக்கொண்டிருந்தது. இந்த ஆல்பமும் சொதப்பினால் ஸ்டூடியோவை மூடிவிட்டு, காடாம்புலியூரில் மாமனாரின் முந்திரிக்கொட்டை கம்பெனிக்கு மேஸ்திரியாகப் போவதாக மனைவி வெண்மதியிடம் ஒப்புக்கொண்டிருந்தான். மாமனார் அவனுக்காகப் புது நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார்.

அவன் மானிட்டரில் வேட்டி வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் சொல்பவர் சிதம்பரத்தில் பெரிய மனிதர். அவருடையது சுவரை அடைக்கிற டிவி. தன்னுடையதோ மேசையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் பழைய மானிட்டர். தப்பு யார் பக்கம் என்பதில் செம்பியனுக்குச் சந்தேகமே வரவில்லை.

மானிட்டரின் பட்டன்களை அழுத்தினான். பிரீதா ரோஸ் ஆனாள். இன்னும் அழுத்தினான். மாப்பிள்ளையின் மீசை பச்சையானது.

புதுச்சேரியிலிருந்து நண்பன் ஆரோக்கியராஜ் நிறம் அளக்கும் கருவியோடு வந்தான். அதைத் திரையில் தொங்கவிட்டு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக அளந்து சரிசெய்தான்.

"மச்சான், இனிமே ஒரு குறையும் இல்ல. நெஜத்துல என்ன கலரோ அதான் தெரியுது."

செம்பியன் படங்களை மறுபடி திருத்தி அனுப்பினான்.

"அதே மஞ்சள்," என்றார் நடனசபாபதி. "என்னா தம்பி, வெளயாடுறியா?"

வெண்மதி தன் அப்பாவிடம் போனில் பேசுவது உள்ளேயிருந்து கேட்டது. "அந்தச் சேருக்கு ஒரு குஷன் போட்டுடுங்கப்பா. அவருக்கு இடுப்பு வலி ஜாஸ்தி."

அந்தக் குஷன்தான் அவனை உடைத்தது. மானிட்டரையும் சிபியூவையும் போர்வையில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினான்.

"மூட்டைல என்னாய்யா?" என்றார் கண்டக்டர்.

"எம்மானங்க."

கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

நடனசபாபதி எந்தப் பொருளையும் புதுக்கருக்கு போகாமல் வைத்திருப்பவர். சோபாவில் கடைக்காரன் போட்ட பாலித்தீன் உறை அப்படியே இருந்தது. எழுந்தால் அதுவும் கூடவே எழுந்தது. ரிமோட்டுக்கும் ஓர் உறை. பூஜை அறையிலிருந்து சாம்பிராணிப் புகை கூடத்தில் சுற்றியது. டிவியில் பிரீதா மாம்பழமாக நின்றுகொண்டிருந்தாள்.

செம்பியனுக்கு அழுகை வந்தது. தன் மானிட்டரை டிவிக்குப் பக்கத்தில் வைத்தான். ஆரோக்கியராஜ் செய்ததையெல்லாம் அழித்தான். இரண்டிலும் ஒரே மஞ்சள் வரும்வரை மானிட்டரை மாற்றினான்.

"இப்பதான் ஒன் மானிட்டர் உண்மைய பேசுது," என்றார் நடனசபாபதி.

பிறகு படங்களில் நீலத்தை ஏற்றினான். ஏற்ற ஏற்ற மானிட்டரில் வேட்டி வெளுத்தது. அதையே டிவியில் போட்டார்கள். மல்லிகைப்பூ மாதிரி மின்னியது. நடனசபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதே கலருல மூணு ஆல்பம் போடு தம்பி. ரெண்டாவது பொண்ணு கல்யாணமும் ஒனக்குத்தான்."

மறுநாள் பிரிண்ட் போடும் லேபிலிருந்து கூப்பிட்டார்கள். "சார், கல்யாண வூட்டு ஆளுங்க மொத்தமும் நீலமா இருக்காங்களே, அப்பிடியே ஓட்டலாமா?"

இத்தனை நாள் பட்ட பாட்டில் முதல்முறையாகச் செம்பியன் தெளிவாக இருந்தான்.

"மொதல்ல ஒங்க மானிட்டர சரி பண்ணுங்க," என்று சொல்லி போனை வைத்தான்.

ஆல்பங்கள் ஒட்டிய பெட்டியில் வந்தன. சாமி முன்னால் வைத்துச் சம்பந்தி வீட்டார் எதிரில்தான் பிரிக்க வேண்டும் என்பது நடனசபாபதியின் உத்தரவு. செம்பியன் பெட்டியைத் தொடாமல் அப்படியே சிதம்பரத்துக்குக் கொண்டுபோனான். வழியில் வெண்மதிக்கு போன் செய்து, "அந்தச் சேர வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு," என்றான். பல நாளுக்குப் பிறகு பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினான்.

சம்பந்தி வீட்டார் சோபாவில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிக்குச் சந்தனம் வைத்தாயிற்று. நடனசபாபதி கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.

அப்போது காபித் தட்டோடு வந்த அவர் மனைவி சிவகாமு டிவியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, வாங்கும்போது டிவி தெரைல ஒட்டியிருந்த கவரு சாம்பிராணிப் பொகையில மஞ்சளேறிக் கெடக்கே… ஆல்பம் வர்ற நல்ல நாள்ல பிரிக்கலாம்னீங்களே, பிரிச்சிடட்டா?"