மேலூரில் களவுபோன காலணி

பாலையும் நீரையும் பிரித்தறியும் வல்லமை அன்னப்பறவைக்கு அடுத்தபடியாகப் பசுமலை மரியராஜுக்குத்தான் அருளப்பட்டது. அன்னம் பாலோடு நின்றுகொண்டது. மரியராஜோ வெளிநாட்டுச் சட்டை, பேண்ட், ஷூ என்று மனித குலத்துக்கு உண்மையிலேயே தேவைப்படும் துறைகளில் இறங்கினார்.

பகலில் அவர் பள்ளிக்கூட கிளார்க். மாலையில் 'அசல் ஆடவர் மன்ற'த்தின் ஆய்வுக்குழுத் தலைவர். குழுவில் வேறு உறுப்பினர் கிடையாது. கருத்து வேறுபாட்டால் பணி தடைபடக் கூடாதல்லவா? அவர் 'அசல்' என்று சொன்னால்தான் மன்றத்தில் ஒரு ஷூ ஷூவாகும். வீட்டில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. அதனால் இந்த ஒரு சொல்லில்தான் அவருடைய மானம் மரியாதை எல்லாம் இருந்தது.

அவருடைய முறை முற்றிலும் விஞ்ஞானபூர்வமானது. தையலை உற்றுப் பார்ப்பார். உள்ளே மூக்கை விட்டு மோப்பம் பிடிப்பார். கம்பெனி முத்திரையை நகத்தால் சுரண்டுவார். அதற்கும் பிடிபடாவிட்டால் இறுதிச் சோதனை.

மன்றத்தில் சேர வந்த இன்ஜினியர் பீமாராவின் ஷூவுக்கு அந்தச் சோதனை தேவைப்பட்டது. தையல் சரி. வாசம் சரி. முத்திரையும் உரியவில்லை.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கொட்டாம்பட்டி பக்கம்ணே."

"பக்கம்னா... ஊருக்குள்ளயா?"

பீமாராவ் அவரை நேராகப் பார்த்தார். "காலனிண்ணே. சூவுக்கும் அதுக்கும் என்ன?"

மரியராஜ் கண்ணாடியைக் கழற்றினார். ஐயம் தீர்ந்தது. "டூப்ளிகேட்" என்று அறிவித்தார்.

மறுவாரம் மன்றச் செயலாளர் ஜூடு மேலூரில் கட்டிய புது வீட்டுக்கு மந்திரிப்பு. மன்றம் முழுக்க வந்திருந்தது. ஜூடுவோடு வேலை பார்ப்பவர் என்ற முறையில் பீமாராவும் வந்திருந்தார். எல்லாரும் ஷூக்களை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். ஃபாதர் ஜெபம் செய்து தீர்த்தம் தெளித்தார். பிரியாணி சாப்பிட்டு வெளியே வந்தால் ஒரே ஒரு ஜோடியைக் காணவில்லை. பீமாராவின் ஜோடி.

ஜூடு தலையைச் சொறிந்தான். "அண்ணே, நீங்க பாத்துச் சொன்ன அசல் இம்புட்டும் வரிசையா கெடக்கு. களவாணிப்பய அந்த டூப்ளிகேட்ட மட்டும் ஏண்ணே தூக்குனான்?"

உறுப்பினர்கள் தங்கள் ஷூக்களைப் பார்த்தார்கள். பிறகு மரியராஜைப் பார்த்தார்கள். அவருடைய இத்தாலி ஷூ முன்வரிசையில், திருடனால் சீண்டப்படாமல் பத்திரமாக இருந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் பொருள் திருடுபோனதற்கு அழுதிருக்கிறார்கள். திருடுபோகாததற்கு அழ வேண்டிய நிலை அவருக்குத்தான் வந்தது.

உறுப்பினர்கள் சலசலத்துக்கொண்டிருந்தபோது மரியராஜ் தன் ஷூவைக் காலாலேயே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளினார்.

"ஐயோ, என் சூவும் போச்சே! இத்தாலி சூ!"

"அப்ப உங்களுது அசல்தாண்ணே!" என்றான் ஜூடு. குரலில் பக்தி திரும்பியிருந்தது.

கூடவே வந்திருந்த மரியராஜின் மனைவி பிலோமினாள் கை கழுவத் தொட்டிப் பக்கம் போனாள். "ஏங்க, என்னத்துக்கு இம்புட்டுக் கத்துறீக? இந்தா கெடக்கு. நீங்கதான காலால தள்ளுனீக!"

வெறுங்காலோடு நின்றிருந்த பீமாராவ் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் தலைவர்கள் அவ்வளவு எளிதில் சாய்வதில்லை. மரியராஜ் ஷூவை மாட்டிக்கொண்டு அங்கேயே தீர்ப்பு வழங்கினார்: "களவாணிப்பயலுக்கு அசலு எது, போலி எதுன்னு பாக்கத் தெரியல. அம்புட்டுத்தான்."

உறுப்பினர்கள் ஒருமனதாகத் தலையாட்டினார்கள். நியாயமான தீர்ப்புதான். அந்தத் திருடன் மன்றத்தில் முறையாகப் பயின்றவனாக இருந்தால் இப்படி வெறும் காலணியைப் பார்த்து எடுத்துக்கொண்டு போயிருப்பானா? முதலில் காலனியையல்லவா விசாரித்திருப்பான்!