அமாவாசை ஒளிர்ந்த வருடம்

பெரம்பலூர் மாவட்டத்தில் வறுமை ஒழிந்தது 2004ஆம் ஆண்டு, பொங்கல் கழிந்த மறுவாரம், கீழப்பழுவூரில், நல்ல காலை வெயிலில். அதற்குப் புகைப்பட ஆதாரம் உண்டு.

புகைப்படத்தில் இருப்பவர் அமாவாசை. ஒரு சிமெண்ட் ஆலையில் பல வருடம் லாரிக்கு மூட்டை ஏற்றியவர். நாட்டில் 'சீர்திருத்தம்' வந்தபோது ஏற்றுகிற வேலை காண்ட்ராக்டருக்குப் போயிற்று. காண்ட்ராக்டர் ஓர் இயந்திரம் வாங்கினார். சந்தைக்குச் சுதந்திரம் கிடைத்த அன்றே அமாவாசைக்கும் கிடைத்தது. அதன்பின் அவர் கருவேலமரம் வெட்டப் போகலாம், களை பறிக்கப் போகலாம், கூப்பிட ஆளில்லாத நாளில் வீட்டிலேயே இருக்கலாம். இவ்வளவு சுதந்திரத்தை அவர் பரம்பரையில் யாரும் அனுபவித்ததில்லை.

அப்போதுதான் விளம்பர அதிகாரி திருமுருகன் ஜீப்பில் வந்து இறங்கினார். நாடு மின்னிக்கொண்டிருப்பதாக டெல்லியிலிருந்து தகவல் வந்திருந்தது. மின்னுகிற ஆள் ஒருவர் உடனடியாகத் தேவைப்பட்டார். அமாவாசையின் பல்வரிசை அதிகாரிக்குப் பிடித்துப்போயிற்று. வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு, கையில் செல்போனைக் கொடுத்தார்.

"காதுல வச்சுக்கிட்டு சிரிங்க."

"யாருங்க பேசுறது?"

"யாரும் பேசல. சும்மா சிரிங்க."

"யாரும் பேசாம எப்படிங்க சிரிக்கிறது?"

"வளர்ச்சி பேசுதுன்னு நெனைச்சுக்குங்க."

அமாவாசை நினைத்துப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்கப் பின்னால் நகர்ந்த அதிகாரியின் கால், முழங்கால் வரைக்கும் சாணிக்குழிக்குள் போயிற்று. அமாவாசை வாய்விட்டுச் சிரித்தார். கூட வந்திருந்த புகைப்படக்காரர் கேமரா பொத்தானை அமுக்கிவிட்டார்.

"பேரு?" என்றார் அதிகாரி, காலை உதறியபடி.

"அமாவாசைங்க."

அதிகாரி சற்று யோசித்து, 'பிரகாசம், தொழில்முனைவோர்' என்று குறித்துக்கொண்டார்.

மாதம் முடிவதற்குள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் போர்டு எழும்பியது. 'நாடு மின்னுகிறது, நானும்தான்' என்று இரண்டு ஆள் உயரத்தில் அமாவாசை சிரித்தார். மைத்துனன் தங்கராசு அதைப் பார்த்துவிட்டு மோட்டார் பைக் வாங்கித் தரச்சொல்லிக் கேட்டு வந்தான். இல்லை என்றதும் மூன்று தலைமுறைக்குப் பேச்சை முறித்துக்கொண்டு போனான். அமாவாசைக்கு அது பெரிய நஷ்டமாகப் படவில்லை.

மே மாதம் தேர்தலில், மின்னிய அரசு அணைந்தது. போர்டை அணைக்க மட்டும் யாரும் உத்தரவு போடவில்லை. ஜூனில் மகள் சத்யப்பிரியாவுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. வருமானச் சான்று கொடுத்தால் கட்டணம் கிடையாது. அமாவாசை கிராம நிர்வாக அலுவலர் அறிவரசனிடம் போனார்.

"போர்டுல செல்போன் பேசுறீங்க. இங்க வந்து வருமானம் இல்லங்கிறீங்க."

"அது பிரகாசமுங்க. நான் அமாவாசை."

"மூஞ்சி யாருது?"

"மூஞ்சி என்னுதுதாங்க."

"நான் மூஞ்சியத்தான பாக்க முடியும்? நாளைக்கு எவனாவது போர்டைப் போட்டோ எடுத்து மேல அனுப்பிட்டா, என் வேலை போயிடும்யா."

அடுத்த திங்கட்கிழமை அமாவாசையும் மனைவி பாப்பாயியும் மேலதிகாரியிடம் மனுக் கொடுக்கப் போனார்கள். சட்டைக் காலர் கழுத்தை அறுக்க, அமாவாசை தன் பரிதாபத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் நின்றார். சிரித்துவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தார். மேலதிகாரி கனிவானவர். கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"ஏழைகள மேல ஏத்துறதுக்குத்தாம்மா திட்டம் இருக்கு. ஏறினவங்கள எறக்குறதுக்குத் திட்டம் கெடையாது."

"எறக்க வேண்டாங்க சார்" என்றாள் பாப்பாயி. "போர்டுல இருக்கிறவரு நல்லா சம்பாதிக்கிறாருல்ல, அந்தப் பணத்த எந்த ஆபீஸ்ல போயி வாங்கிக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க. வாங்கிக்கிட்டு நாங்க பாட்டுக்குப் போயிடுறோம்."

மேலதிகாரி மணியை அமுக்கினார். அடுத்த மனுதாரர் உள்ளே வந்தார். அமாவாசையின் மனுவில் 'மனுதாரர் வளமாக உள்ளார்' என்று எழுதி முடித்து வைத்தார்கள்.

பாலிடெக்னிக் இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. சத்யப்பிரியா திருப்பூரில் ஒரு மில்லுக்கு வேலைக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட வந்த அமாவாசையின் கண் தானாக மேலே போயிற்று.

"அதப் பாக்காதப்பா" என்றாள் மகள், ஜன்னலுக்குள்ளிருந்து. "என்னப் பாரு."

அவர் அவளைப் பார்த்தார். பஸ் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

மாவட்ட நிர்வாகத்தின் அந்த வருட அறிக்கை நேர்த்தியாக அச்சாகி வந்தது. மாவட்டத்தில் புதிதாக ஏழையானவர் ஒருவருமில்லை என்று அதில் இருந்தது. ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. ஏழை என்று சொல்லிக்கொண்டு வந்த எவரையும் அவர்கள் சேர்த்துக்கொள்ளவே இல்லை.