டிகிரி பாயின் நாக்கு

உலகத்தில் ஒழுகுகிற எதையும் நாக்கை வைத்தே கண்டுபிடிக்கக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகிற சாலையில், பச்சை கேட் போட்ட வீட்டில் குடியிருக்கிறார். பெயர் டிகிரி பாய். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கலாம். ஊரில் யாரும் அதைக் கேட்டதில்லை.

காலேஜுக்குப் போனவர் என்று நினைத்துவிட வேண்டாம். உப்பளத்தில் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை டிகிரியில்தான் சொல்வார்கள். கடல் தண்ணீர் மூன்று டிகிரி. அது பாத்தி பாத்தியாக வெயிலில் காய்ந்து இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு பூக்கும். மற்றவர்கள் இதை ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். பாய் விரலை நனைத்து நாக்கில் வைத்து, "பதினேழு" என்பார். குழாயும் பதினேழுதான் காட்டும். ஒருமுறை குழாய் பதினெட்டு காட்டியது. குழாயைத்தான் மாற்றினார்கள்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் பாய் ஊரில் ஒழுகுகிறவற்றைப் பார்க்கப் போய்விடுவார். ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது மேலிருந்து சொட்டியது. மழைத் தண்ணீர் என்று மேனேஜர் சத்தியம் செய்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் வந்த பாய் ஒரு சொட்டை விரலில் பிடித்து வாயில் வைத்தார். "மழ இல்ல. மாடி பாத்ரூம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டார். அந்தப் பந்தியில் பாயசம் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

அவரிடம் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்று, ஏதாவது ஒழுகினால்தான் ஒரு வீட்டுக்கு வருவார். விருந்து, விசேஷம், நலம் விசாரிப்பு எதற்கும் நகரமாட்டார். "ஒழுகாத வூட்டுல எனக்கு இன்னா சார் வேல?" என்பார். இரண்டு, வேலை நாட்களில் உப்பு தொடமாட்டார். காலையில் உப்பில்லாத கஞ்சி, மதியமும் அதே கஞ்சி. நாக்கு சுத்தமாக இருக்க வேண்டுமாம். இவருக்காகத் தனிச் சமையல் செய்ய முடியாது என்று அவர் மனைவி வீடு முழுக்கவே உப்பை நிறுத்திவிடுவார். ஊரில் ஒரு கூரை ஒழுகினால் பச்சை கேட் வீட்டில் ஆறு பேருக்குப் பத்தியம்.

இப்படிப்பட்டவரிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் மனைவி சரோஜா. அவளுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதமாகப் படுக்கை. அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரக்கூடாது, பயணம் என்றால் படுத்துக்கொண்டுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துச் சிதம்பரத்தில் அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம். பிறந்து ஐந்து வருடம் சரோஜா மடியில் வளர்ந்த பெண். ஆம்புலன்ஸ் வைக்கலாமா என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு ஆம்புலன்ஸ்ல போய் எறங்குனா மாப்ள வீட்டுக்காரங்க இன்னா நெனைப்பாங்க? நான் வரலைங்க, நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுவாரம் கிளியனூர் பக்கம் ஒரு ஷெட்டில் கிடந்த பழைய கேரவனை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினேன். ஒரு காலத்தில் சினிமா ஷூட்டிங்குக்கு ஓடிய வண்டி. உள்ளே கட்டில், வாஷ்பேசின், சுற்றிலும் பல்பு வைத்த மேக்கப் கண்ணாடி எல்லாம் இருந்தன. ஐப்பசியின் முதல் மழையில் இன்னொன்றும் இருப்பது தெரிந்தது. வண்டி நான்கு இடத்தில் ஒழுகியது. அதில் ஒன்று கட்டிலில், சரியாகத் தலையணைக்கு நேராக.

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவன். மழை எப்படிப் பெய்கிறது, ஆறு எப்படி ஓடுகிறது என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தவன். ஒரு சொட்டா என்னை ஏமாற்றும் என்று கூரையில் ஏறினேன். சிலிகான் பூசினேன். தார் ஷீட் ஒட்டினேன். அதற்கு மேல் இன்னொரு தார் ஷீட் ஒட்டினேன். இறங்கி வந்து கை கழுவிவிட்டுப் பார்த்தால் தலையணை நனைந்திருக்கும். மறுபடி ஏறுவேன். பத்து நாளில் கூரை முழுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றது வண்டி. கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. அன்றுதான் பச்சை கேட்டைத் தட்டினேன்.

பாய் வந்தார். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, வண்டிக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் குடைத்துணியில் சொட்டு விழுகிற சத்தத்துக்கே காது கொடுத்தார். தும்மினேன், முறைத்தார். பிறகு கூரைக்குப் போய், நான் பத்து நாள் பாடுபட்டு ஒட்டியதையெல்லாம் அரை நாளில் பிய்த்துப் போட்டார்.

"பாய், இருக்கறதும் போச்சே?"

"நீங்க போட்ட கட்ட அவுத்தாத்தான் சார் நோவு எங்கன்னு தெரியும். தண்ணி உள்ள நுழையற எடம் ஒண்ணு, சொட்டற எடம் வேற. நீங்க சொட்டற எடத்துக்கு மேல பூசி வெச்சிருக்கீங்க. அது அந்தாண்ட நுழைஞ்சு பலகை வழியா நடந்து இந்தாண்ட வருது."

அடுத்த நாள் நான்கு கேன்களோடு வந்தார். நான்கிலும் உப்புத் தண்ணீர். ஐந்து டிகிரி, பத்து டிகிரி, பதினைந்து, இருபது. கூரை ஜன்னலைச் சுற்றி ஐந்து. ஏசி ஓரத்தில் பத்து. பக்கவாட்டு ஜன்னல் ரப்பரில் பதினைந்து. பின்னால் ஏணி மாட்டிய போல்ட்டுகளில் இருபது. உள்ளே எந்த இடத்தில் சொட்டினாலும், சொட்டு எத்தனை டிகிரி என்று தெரிந்தால் அது எந்த வழியாக வந்தது என்று தெரிந்துவிடும். இதைக் கேட்டதும் நான் அசந்துபோனேன். அசந்து முடித்ததும் கூரை தகரம் என்பது ஞாபகம் வந்தது.

"பாய், தகரம். உப்பு பட்டா துருப்பிடிக்குமே?"

"மரக்காணத்துக் காத்துல நிக்கிற வண்டிக்கு நான் ஊத்தித்தான் உப்பு படணுமா? முடிஞ்சதும் நல்ல தண்ணில மூணு தபா கழுவி உட்டுடறேன். தள்ளுங்க."

அலமாரிக்குள் முதல் சொட்டு விழுந்தது. விரலை நீட்டிப் பிடித்தார். பதினைந்து வருடமாகக் கூரையில் சேர்ந்த தூசியும் காக்கை எச்சமும் அதில் கரைந்திருக்கும். கண்ணை மூடி ருசித்தார். "இருவது. ஏணி போல்ட்டு." ஏணி இருந்தது வண்டியின் பின்பக்கம், அலமாரி நடுவில். போல்ட்டைக் கழற்றினால் அதைச் சுற்றி இரும்பு மக்கி ஓட்டையாக இருந்தது. அடுப்பு மேடையில் சொட்டியது பத்து, ஏசி ஓரம். கதவருகே சொட்டியது பதினைந்து. ஜன்னல் ரப்பரை இழுத்தால் அப்பளமாக நொறுங்கியது. ஒவ்வொன்றையும் சுரண்டி, புது ரப்பரும் பிசின் டேப்பும் வைத்து அடைத்தார். வீட்டுக்குள் படுத்திருந்த சரோஜா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்த மனுசன் இப்ப இன்னாத்தங்க சாப்புட்டாரு?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது கட்டில் சொட்டு. பிசின் அப்பிய கையை வாஷ்பேசினில் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது தலையணையில் விழுந்தது. பாய் பிடித்தார். ருசித்தார். மறுபடி ருசித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா பாய்? அஞ்சா?"

"உப்பே இல்ல சார்."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கூரை மேல் இருந்ததெல்லாம் உப்புத் தண்ணீர். உள்ளே சொட்டுவது உப்பில்லாத தண்ணீர். அப்படியென்றால் கோளாறு அவர் நாக்கில்தான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். "நாக்கு போச்சு சார். அல்லா குடுத்தான், எடுத்துக்கிட்டான்" என்று சொல்லிக் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். "வந்ததுலேர்ந்து டம்ளர் டம்ளரா உப்பக் கரைச்சு வெக்கச் சொல்லி நக்கிக்கிட்டு இருக்காரு சார். எல்லாம் கரெக்டாத்தான் சொல்றாரு. ஆனா நம்ப மாட்டேங்கறாரு. ஒங்க வண்டிய சரி பண்ணி அவர எனக்குத் திருப்பிக் குடுங்க. புள்ளைங்க உப்பு பாத்து ரெண்டு நாளாச்சு."

கல்யாணத்துக்கு நான்கே நாள். சரோஜா பட்டுப்புடவையை எடுத்துத் தலைமாட்டில் வைத்திருந்தாள். வண்டி சரியாகிவிட்டதா என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று பயம். எனக்கும் அதே பயம்.

மறுநாள் காலையில் பாய் வந்தார். கண் சிவந்திருந்தது. "சார், நேத்து அது சொட்டுனப்ப நீங்க இன்னா பண்ணீங்களோ அத அப்படியே இப்ப பண்ணுங்க" என்றார்.

"ஒண்ணும் பண்ணலயே பாய். கை கழுவுனேன்."

"கழுவுங்க."

குழாயைத் திறந்தேன். தண்ணீர் டேங்கின் மோட்டார் ர்ர்ர் என்று ஓடியது. கட்டிலில் ஒரு சொட்டு விழுந்தது. மூடினேன், நின்றது. ஏழு தடவை கழுவச் சொன்னார். ஏழு தடவையும் சொட்டியது. அடியேன் பத்து நாளாகச் செய்த காரியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடைத்த ஒவ்வொரு முறையும் இறங்கி வந்து கை கழுவியிருக்கிறேன். கழுவிய ஒவ்வொரு முறையும் நானே ஒழுக வைத்திருக்கிறேன்.

பாய் கூரைப் பலகையை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனார். கட்டிலுக்கு மேலே ஒரு கைப்பிடியில் போய் நின்றார். சரோஜா பிடித்து எழுந்திருக்கட்டும் என்று, வண்டி வந்த அன்றைக்கே நான் என் கையால் ஆசையாக மாட்டியது.

"இது யாரு போட்டது?"

"நான்தான்."

ஒரு ஸ்குரூவைக் கழற்றினார். பலகைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. என் ஸ்குரூ அதைக் குத்திக்கொண்டு இத்தனை நாளாக அடைப்பானாகவும் இருந்திருக்கிறது, ஓட்டையாகவும் இருந்திருக்கிறது. பீய்ச்சி அடித்தது அவர் முகத்தில். பாய் நகரவில்லை. வாயைத் திறந்து நாக்கை நீட்டி அப்படியே நின்றார். தாடி சொட்டச் சொட்டச் சிரித்தார்.

"நல்ல தண்ணி சார். நல்ல தண்ணி. அல்ஹம்துலில்லாஹ், நாக்கு நல்லாத்தான் இருக்குது."

மோட்டாரை நிறுத்திவிட்டு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து நாள் பாரம் இறங்கியது. திட்டுவார் என்று நினைத்தேன். குழாயை வெட்டி இணைப்பு போட்டு முடித்தபின் கைப்பிடியைக் கையில் எடுத்தார். "பாய், அது வேணாம், தூக்கிப் போட்டுடலாம்" என்றேன்.

"சும்மா இருங்க சார். தங்கச்சி எந்திரிக்க வேணாமா?" என்று நான்கு விரல் தள்ளி, கட்டைக்குள் இறங்கும்படி அழுத்தமாக மாட்டினார். தொங்கிப் பார்த்தார். பிறகு கூரையை மூன்று முறை கழுவினார். கடைசியாக, "ஊறுகா இருக்குதா?" என்று கேட்டார். நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியில் பாதி காலி.

கல்யாணத்துக்கு முதல் நாள் கிளம்பினோம். கடலூர் தாண்டியதும் பிடித்தது மழை. கண்ணாடிக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். சரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலையணையைத் தொட்டேன். ஈரம். விரலை வாயில் வைத்தேன். உப்பு. முன்பக்கம் வந்து பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், தலகாணி ஈரமா இருக்குது. உப்புக் கரிக்குது."

"மேல கூரை?"

"காஞ்சிருக்குது."

"தங்கச்சி எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்குது?"

"ஜன்னல் பக்கம்."

"போன வெச்சுடுங்க சார். அத அடைக்கற சாமான் நம்மகிட்ட இல்ல. அது தானா நிக்கும்."

திரும்பிப் போனேன். "எட்டு மாசம் ஆச்சுங்க, ரோட்டப் பாத்து" என்றாள் சரோஜா. மேலே கைப்பிடியைப் பிடித்து மெல்ல எழுந்து மழையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. சரோஜா நடக்கிறாள், சமைக்கிறாள், என்னை அதட்டுகிறாள். வண்டியில் ஒரு சொட்டு இல்லை. அதனால் பாயும் வருவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் அதே பதில், ஒழுகாத வீட்டில் என்ன வேலை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். என் வண்டிக் கூரையில் உப்பிட்டவரை நினைக்கத்தான் முடிந்தது.

நேற்றுக் காலை சமையலறைக் குழாய் திடீரென்று சொட்ட ஆரம்பித்தது. முந்தின நாள் வரை நன்றாக இருந்த குழாய்.

"பாய்க்குப் போன் பண்ணுங்க" என்றாள் சரோஜா.

நான் குழாயைப் பார்த்தேன். பக்கத்தில் ஸ்பானர் இருந்தது. அடுப்பில் உப்பு போடாத கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மேடையில் ஒரு புது ஊறுகாய் ஜாடி. எனக்கும் பாயைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. போனை எடுத்தேன்.