தையலுக்கு இடம் விட்ட கப்பல்

இனி ஞாயிறுதோறும் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து கப்பல் வரையப் பழகப்போவதாகக் கடிகாரக்காரர் வீட்டில் அறிவித்தார். அவர் மனைவி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அங்கேதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது.

தெருமுனைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும் எதற்கு, யாரோடு, எப்போது வருவீர்கள் என்று குடைகிறவள். இப்போது, "நல்லதுதானே, போயிட்டு வாங்க" என்கிறாள். பென்சில்கூட அவளே சீவிக் கொடுத்தாள். முனை ஊசி மாதிரி இருந்தது.

உண்மையில் அவருக்குக் கப்பலில் ஒரு அக்கறையும் இல்லை. பூட்டிய தையல்கடைக்குள் மூன்று பேர் சீட்டுக்கட்டோடு நாலாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். வீட்டில் இருந்தால் பரண், தண்ணீர்த் தொட்டி, ஜன்னல் கம்பி என்று எதையாவது துடைக்கச் சொல்வாள். வாரத்தில் அந்த நாலு மணி நேரம்தான் அவர் மூச்சு விடுகிற நேரம். அதைக் காப்பாற்றத்தான் கப்பல். ஆட்டம் முடிந்ததும் தையல்காரர் வெட்டுமேஜையில் தாளை விரித்து ஐந்தே நிமிஷத்தில் ஒன்று வரைந்து கொடுத்துவிடுவார்.

மூன்று ஞாயிறு, மூன்று கப்பல். மூன்றையும் மனைவி கூடத்துச் சுவரில் ஒட்டினாள். அவர் தன் சட்டைப்பையைச் சோதித்துப் பார்த்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. துழாவாமல் அவள் ஒருநாளும் துவைத்ததில்லை.

"நீ ஒண்ணும் கேக்கலியே?" என்றார், பொறுக்க முடியாமல்.

"என்ன கேக்கணும்?"

"எங்க போனேன், யாரோட போனேன்..."

"அதான் கப்பல் இருக்கே. நான் எதுக்குங்க சந்தேகப்படணும்?"

"படவே மாட்டியா?"

"பட்டாத்தான் உங்களுக்குச் சோறு இறங்குமா?"

நாலாவது ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் அவள் துடைப்பமும் கையுமாகப் படங்களின் முன் நின்றாள்.

"என்னங்க, கப்பலைச் சுத்தி அரை அங்குலம் தள்ளி இன்னொரு கோடு ஓடுதே, அது என்ன?"

அவர் அப்போதுதான் அதைக் கவனித்தார். "அது... அலை."

"புகைபோக்கியைச் சுத்திக்கூடவா?"

"அன்னிக்குக் காத்து பலம்."

"ஓ. நான் தையலுக்கு விட்ட இடமோன்னு நெனச்சேன். என் துணியில தையல்காரர் இப்படித்தான் கோடு போடுவார்."

அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். சண்டை வரும் என்று இரவுச் சாப்பாடு வரை காத்திருந்தார். வரவில்லை. சண்டை வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் அவளும் உடை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். துறைமுகச் சுவர் வரை கூடவே வந்தாள். மடக்கு நாற்காலியை விரித்து அவரை உட்காரவைத்தாள். மடியில் பத்துத் தாள், கையில் பென்சில். எதிரே ஒரு சரக்குக் கப்பல், யாருக்காகவோ காத்திருப்பதுபோல அசையாமல் நின்றது.

"மத்தியானம் ஒரு மணிக்குள்ள அஞ்சு கப்பல். ஒத்தைக் கோடு."

"நீ உக்காரலியா?"

"எனக்கு ஏதுங்க நேரம்? தையல்கடையில மூணு பேர் காத்துக்கிட்டிருப்பாங்க. உங்களுக்குப் பதிலா நான் வரேன்னு நேத்தே சொல்லிட்டேன்."

"உனக்குச் சீட்டாடத் தெரியாதே!"

"மூணு ஞாயிறா தையல்காரர் சம்சாரம் சொல்லிக் கொடுத்தாங்க" என்றாள் அவள், போகிற போக்கில். "நான் நிஜமாவே கத்துக்கிட்டேங்க."