வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாத ஊர்

அன்பும் மரியாதையும் நிறைந்த பெர்லா சித்திக்கு,

ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையிலிருந்து ஜெனலின், தங்கள் கையை மனத்தால் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு எழுதுவது. இங்கே நானும் என் மூக்கும் விரல்களும் நலம். அங்கே நீங்கள், சித்தப்பா, சண்டைச் சேவல், கூடத்து மாதா சிலை, மாடியறைக் கூரை அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போன சூரியன் இன்னும் வரவில்லை. நடுப்பகலில் ஒரு நீலம் வரும். பனியும் நீலம், கடலும் நீலம், அடுப்பில் வைத்த பாலும் நீலம். கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு, யாரோ கூப்பிட்டது போலப் போய்விடும்.

ஊருக்கே திரும்பி வருகிறாயா என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: வருகிறேன்.

இலோயிலோவுக்கே வந்துவிடுகிறேன். மாடியறையிலிருந்து நெல் மூட்டைகளை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்து வைத்த பள்ளிக்கூட வேலைக்குச் சம்மதம் என்று சொல்லிவிடுங்கள். மீன் ஆலை மேலாளர் இன்னொரு வருடம் இருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை அவரிடம் இல்லை என்று சொல்லப் போகிறேன். இதற்கெல்லாம் காரணம் குளிர் இல்லை. இருட்டு இல்லை. தத்துவம் படித்த கையால் காட் மீனுக்கு முள் எடுப்பதும் இல்லை. காரணம் நீங்கள்தான்.

'கூப்பிடாம திங்கறது பூனைதான்' என்று சொல்லிச் சொல்லி வளர்த்தீர்கள். தட்டைத் திறந்தால் எதிரில் யார் இருந்தாலும், தபால்காரரோ கடன்காரரோ, "வாங்க, சாப்பிடலாம்" என்று வாய் தானாகச் சொல்லும். அவர்களும் "இருக்கட்டும், இப்பத்தான் வயிறு நெறைய ஆச்சு" என்பார்கள். நாமும் சாப்பிடுவோம். அவர்களும் போவார்கள். யாருக்கும் ஒரு பருக்கை நஷ்டமில்லை. எல்லாருக்கும் நிறைவு. இந்த ஏற்பாட்டில் பாதி கூப்பிடுகிறவருடையது, மறுபாதி வேண்டாம் என்கிறவருடையது என்று நீங்கள் சொல்லித் தரவில்லை. சொல்லத் தேவையும் இருந்ததில்லை.

இங்கே வந்த முதல் நாள், ஆலையின் சாப்பாட்டு அறை. ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறார்கள். நான் பாத்திரத்தைத் திறந்தேன். வினிகரில் வெந்த கோழி. மொத்த அறைக்கும் பொதுவாக, "வாங்க, சாப்பிடலாம்" என்றேன்.

யாரும் திரும்பவில்லை. ஹால்டோர் மட்டும் எழுந்தார். ஐஸ் இயந்திரத்தைப் பழுது பார்க்கிறவர். கதவளவு உயரம், பனி நிறத்தில் தாடி. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். கோழியில் பாதியைத் தின்றார். "நல்லாருக்கு" என்றார். போய்விட்டார்.

மறுநாள் தட்டோடு வந்தார். அதற்கடுத்த வாரம் அந்தத் தட்டைக் கழுவி எங்கள் அலமாரியிலேயே கவிழ்த்துவிட்டுப் போனார்.

நாங்கள் கூடிப் பேசினோம். நாங்கள் என்றால் ஆலையில் இருக்கிற நம் நாட்டுக்காரர்கள் மூவர்: நான், நெனிதா அக்கா, வேன் வைத்திருக்கிற எர்னிங் அண்ணன்.

"இனிமே சாப்பாட்டு நேரத்துல யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார் அண்ணன்.

"வாயத் தொறக்காம எப்படிடா திங்கறது?"

"பேசக் கூடாதுன்னேன் அக்கா. கோழிக் கால் பூரா அந்த மனுசனுக்கே போவுது."

"போனாப் போவட்டும். அதுக்காக இவனுங்க மாதிரி செவுத்தப் பாத்துத் திங்கணுமா? அதுக்கா அம்புட்டுக் கடல் தாண்டி வந்தோம்? அப்ப நம்மள பிலிப்பினோன்னு எதை வச்சுடா சொல்லுவான்?"

"கோழிக் கால வச்சுத்தான்."

"கால் போனா வேற கால் வாங்கலாம். கூப்பிடற வாய் போனா எங்கடா வாங்குவ?"

அக்கா சொன்னது சரி என்று மனம் சொன்னது. அண்ணன் சொன்னது சரி என்று வயிறு சொன்னது.

கடைசியில் ஒரு சமாதானம். வேனில் சாப்பிடுவது. ஆள் இல்லை என்றால் அழைப்பும் இல்லை, மானத்துக்கும் பங்கமில்லை. ஆலைக்குப் பின்னால் பனிவெளியில் வேனை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டோம். புளிக்குழம்பின் ஆவியில் கண்ணாடி வெளுத்தது. வெளியே உலகம் இல்லை. மேகத்துக்குள் உட்கார்ந்து சோறு தின்பது போல இருந்தது. அப்போது யாரோ தட்டினார்கள். அண்ணன் கண்ணாடியை இறக்கினார். ஹால்டோர். வண்டி பனியில் சிக்கிக்கொண்டதோ என்று மண்வெட்டியோடு வந்திருக்கிறார். அவ்வளவுதான். அதற்கு இல்லை என்று சொன்னால் முடிந்தது. ஆனால் சித்தி, சட்டம் போட்ட அதே எர்னிங் அண்ணன், வாயில் கரண்டியோடு, "வாங்க, சாப்பிடலாம்" என்றார்.

மண்வெட்டி வெளியே நின்றது. ஹால்டோர் உள்ளே வந்தார், முழங்கால்கள் தாடியில் இடிக்க.

அதன் பிறகு நெனிதா அக்காவே ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். கூப்பிடுவோம், ஆனால் யாரும் வர முடியாதபடி சமைப்போம். நீங்கள் அனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, சாப்பாட்டு அறை மின்னடுப்பிலேயே வறுத்தார். மூலைகளில் இருந்தவர்கள் ரொட்டியோடு எழுந்து ஓடினார்கள். புகை கூரைக்கு ஏறித் தீ மணி அலறியது. ஆலை நின்றது. மொத்தப் பேரும் பனியில், மேலாளர் ஒற்றைச் செருப்போடு. மணி ஓய்ந்ததும் திரும்பி வந்து பார்த்தால் எங்கள் மேசையில் ஹால்டோர் தயாராக இருக்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். உள்ளே அவர்கள் ஊர்க் கருவாடு, பக்கத்தில் வெண்ணெய். வெண்ணெயை வழித்து நம் கருவாட்டின் மேல் தடவினார்.

"ஐயோ! கருவாட்டுல வெண்ணெயா! மாதாவே, இந்த மனுசன மன்னிச்சுரு!"

"தின்னு பாரு" என்றார் ஹால்டோர்.

அக்கா தின்று பார்த்தார். மறுநாள் கடையில் அக்காவைப் பார்த்தேன். கூடையில் வெண்ணெய்.

சிரிக்காதீர்கள் சித்தி. எனக்கு வேறொன்று நடந்தது. போன ஞாயிறு அறையில் தனியாக இருந்தேன். அந்த நீல நேரம். பாத்திரத்தைத் திறந்தேன். வாய் தானாக, "வாங்க, சாப்பிடலாம்" என்றது. எதிரில் ஜன்னல். அதில் ஒருத்தி பாத்திரத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அதையே சொன்னாள். இருவரில் ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சோறு ஆறியது.

அப்போதுதான் புரிந்தது. இங்கே என் அழைப்பைக் கேட்காமல் சுவரைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டவுடன் தட்டோடு வருகிற ஒருவர் இருக்கிறார். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. மறுபாதி இல்லாமல் நான் ஒரு பாதியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்படியே இன்னொரு வருடம் போனால் ஒன்று வாயை மூடிக்கொள்வேன், இல்லையென்றால் சுவரைக் கூப்பிடுவேன். இரண்டுக்கும் முன்னால், ஊர் முழுக்க எனக்கு வேண்டாம் சொல்லக் காத்திருக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறேன். மாடியறைக்கு வெள்ளையே அடியுங்கள். நீலம் வேண்டாம்.

மாதாவின் கருணை உங்கள் கூரை மேலும், சித்தப்பாவின் முழங்கால் மேலும், தவறாமல் சேவல் மேலும் இருக்கட்டும். மறுபடியும் தங்கள் கை என் நெற்றியில்.

தங்கள் அன்பு மகள் போன்ற,
ஜெனலின்

பின்குறிப்பு: சுண்ணாம்பு வாங்கிவிட்டீர்களா? வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கடிதத்தை ஒட்டித் தபாலில் போடப் போனேன். ஆலைக்கு அரைநாள் விடுமுறை, ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வழியில் ஹால்டோர் வீடு. வாசலில் நின்றிருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

"உள்ள வா. சாப்பிடலாம்."

என் ரத்தம் பதில் சொன்னது: "இருக்கட்டுங்க, இப்பத்தான் வயிறு நெறைய ஆச்சு."

"சரி" என்றார். கதவைச் சாத்தினார்.

நம் ஊரில் மூன்று முறை கூப்பிடுவார்கள், பிறகு மணிக்கட்டைப் பிடித்து இழுப்பார்கள். இங்கே 'சரி'. நான் தெருவில் நின்றேன். நான் ஒரு முறை கூப்பிட்டதற்கே எழுந்து வந்தவர் அவர். ஒரு முறை போதும் என்று நம்புகிறவர். அப்போது மலையிடுக்கில் ஒரு கோடு. அவர் கூரை மஞ்சளானது, பிறகு கதவு, பிறகு என் காலணி. சூரியன். அது திரும்பி வருகிற நாளில் வீட்டுக்கு வீடு அப்பம் சுட்டு, வேண்டியவர்களைக் கூப்பிட்டுச் சாப்பிடுவார்களாம். பிறகு தெரிந்துகொண்டேன்.

கதவைத் தட்டினேன்.

"வயிறு நெறைஞ்சிருக்குன்னியே?"

"பொய்."

"ஏன் பொய் சொன்ன?"

"மரியாதைக்கு. எங்க ஊர்ல மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லணும்."

தாடிக்கு மேலே முகம் மெல்லச் சிவந்தது.

"அப்ப இத்தன நாளா… நானும் வேண்டாம்னு சொல்லிருக்கணுமா?"

"ஆமா."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

"கோழி நல்லா இருந்துச்சு" என்றார், மன்னிப்புக் கேட்பது போல. பிறகு வழிவிட்டார். மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. நான் வருவதற்கு முன்பே.

ஒட்டிய உறையைப் பிரித்து அவர் மேசையிலேயே இதை எழுதுகிறேன். தாளின் மேலே உள்ள சிவப்புக் கறை அப்பத்தோடு வைத்த பழக்கூழ், பயப்பட வேண்டாம். நெல் மூட்டைகள் இன்னொரு வருடம் அங்கேயே தூங்கட்டும். மேலாளரிடம் சரி என்று சொல்லப் போகிறேன். பள்ளிக்கூடத்தாரிடம், மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உங்களுக்கா தெரியாது.

நாளை மதியம் நான் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்வதாக ஹால்டோர் வாக்குக் கொடுத்திருக்கிறார். எதிரில் உட்கார்ந்து, வாய் நிறைய அப்பத்தோடு, "வயிறு நெறைஞ்சிருக்கு, வயிறு நெறைஞ்சிருக்கு" என்று இப்போதே பழகிக்கொண்டிருக்கிறார்.