குடையைப் பெருக்கு

பேரன்பும் பெருமதிப்பும் உரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் சௌக்கியம். உங்கள் நலத்தையும், அக்காவின் முழங்கால் நலத்தையும் தனித்தனியாக அறிய ஆவல். நம் குடைப் பட்டறையை விற்பதற்கான பத்திரத்தை அனுப்பி, கையெழுத்துப் போட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். கிடைத்தது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் இந்தப் பட்டறையில் நான் என் கண்ணால் கண்ட அதிசயத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்திரம் எங்கும் ஓடிவிடாது.

விற்காத நீளக் குடைகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடப்பதை நீங்களே பார்த்தீர்கள். புதிதாக ஏதாவது தோன்றினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வருடமாக மோட்டுவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், தோன்றியதெல்லாம் தூக்கம்தான். போன வாரம் உங்கள் மருமகள், அதாவது என் பெரியவள், லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். “யோசனை தானா வரும்னு காத்திருந்தா இப்படித்தாம்ப்பா. அதை வரவழைக்க வழி இருக்கு” என்றாள். சுவரளவுக்குக் காகிதம் ஒட்டினாள். குடைக்கு எத்தனை உறுப்பு என்று என்னைக் கேட்டாள். முப்பத்தோரு வருடம் குடை செய்தவன், விழித்தேன். துணி, கம்பி, தண்டு, பிடி, விசை என்று அவளே ஐந்து வரிசை எழுதினாள். பக்கவாட்டில் கூட்டு, கழி, பெருக்கு, வகு என்று நான்கு. நான் மூன்றாம் வகுப்பில் அடி வாங்கிய அதே நான்கு, அத்தான்! ஐந்நான்கு இருபது கட்டம். ஒவ்வொரு கட்டமும் இன்னும் பிறக்காத ஒரு பொருளாம். இரண்டிரண்டாகச் சேர்த்தால் நூற்றுத் தொண்ணூறாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெறும் காகிதத்தின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

இதில் இரண்டு விதி. முதலில் பொருளைச் செய்துவிட வேண்டும், அது யாருக்கு உதவும் என்று பிறகுதான் தேட வேண்டும். இரண்டாவது, ‘ஆகாது’ என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது, மீறினால் ஐந்து நிமிடம் வாசலில் போய் நிற்க வேண்டும். முதல் நாளில் நான் பதினோரு முறை வாசலில் நின்றேன், எதிர்க்கடைக்காரர் யாருக்காவது காத்திருக்கிறேனா என்று விசாரித்தார். துணியைக் கழித்துப் பார்ப்போம் என்றதும் தையற்காரம்மா சண்டைக்கே வந்துவிட்டார். “துணி இல்லாத குடைன்னா, நான் இல்லாத பட்டறைன்னுதானே அர்த்தம்?” என்று ஒரு பாடு அழுது தீர்த்துவிட்டு, மூக்கைத் துடைத்த கைக்குட்டையை அந்த வெறும் கம்பியிலேயே காயப்போட்டார். பெரியவள் அதைப் பார்த்து, “துணி உலர்த்துற குடை!” என்று கத்தி எழுதிக்கொண்டாள். குடைத் துணியை இரண்டாக வகுத்து ஆளுக்குப் பாதியாக நானும் தையற்காரம்மாவும் மழையில் நின்றோம். இருவரும் பாதி நனையவில்லை அத்தான், முழுதாக நனைந்தோம். ஆகாது என்று சொல்ல வாய் வந்தது, ஏற்கெனவே வாசலில்தான் நின்றிருந்தேன் என்பதால் சொல்லவில்லை.

இனிதான் விஷயம். நம் கம்பிக்காரர் அன்றைக்குப் பல் பிடுங்கப் போயிருந்ததால் விளக்கம் எதையும் கேட்கவில்லை. அவர் மேசையில் பெரியவள் ஒரு சீட்டு வைத்திருந்தாள்: ‘தண்டு – பெருக்கு.’ ஒரு குடைக்கு மூன்று தண்டு வைத்துப் பார் என்பது அவள் எண்ணம். அவரோ வாயில் பஞ்சுடன் திரும்பி வந்து, சீட்டைப் படித்து, மறுபேச்சில்லாமல் தண்டின் நுனியில் துடைப்பத்தைக் கட்டிப் பெருக்க ஆரம்பித்துவிட்டார்! (‘கூட்டு’ என்று எழுதியிருந்தாலும் அவர் துடைப்பத்தைத்தான் தேடியிருப்பார்.) தரையில் சரிப்படவில்லை. குடையை விரித்து மேலே தூக்கி ஒட்டடை அடித்தார். அவர் மேல் ஒரு தூசி இல்லை, அத்தனையும் குடை மேல் சறுக்கி, பக்கத்தில் நின்ற என் தலையில் கொட்டியது. நான் இருமி முடிப்பதற்குள் பெரியவள், “அண்ணே, குடையைத் தலைகீழா மாட்டுங்க!” என்றாள். மாட்டினார். மேலே துடைப்பம், கீழே கிண்ணம்போல் நிமிர்ந்த குடை. ஆபீஸ் அறையின் பல வருடத்து ஒட்டடை முழுவதும் அந்தக் கிண்ணத்துக்குள் பொத்தென்று விழுந்தது. தரையில் ஒரு துளி இல்லை. நான் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லாத ஒன்று இருக்கிறதாக ஆவதை நான் அதுவரை பார்த்ததில்லை அத்தான், என் பிள்ளைகள் பிறந்தபோது கூட வெளியேதான் நின்றிருந்தேன்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்கிற அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தோம். ஏழு வகுப்பறை அடித்துவிட்டு வந்தார். “இத்தனை வருஷத்துல கண்ணுல தூசி விழாம வீட்டுக்குப் போறது இன்னைக்குத்தான்” என்றார். திருப்பித் தரச் சொன்னதற்கு, “இதுவா? தரமாட்டேன்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். பட்டறையில் இருந்த நாங்கள் எட்டுப் பேரும் வாசலில் நின்று அவர் போவதையே பார்த்தோம். தையற்காரம்மா மறுபடி அழுதார், இது வேறு அழுகை.

ஆகவே அத்தான், பட்டறையை விற்க நான் சம்மதிக்க மாட்டேன். தரகர் தலைகீழாக நின்றாலும் பேனாவைத் தொட மாட்டேன். இன்னும் பதினேழு கட்டம் பாக்கி இருக்கிறது. மூன்று மாதம் பொறுங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம், முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அந்தப் பத்திரத்தில் நான் எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டேன் அத்தான். பெரியவள் வருவதற்கு முந்தின நாள். பயம்தான், வேறொன்றுமில்லை. பத்திரம் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. மூன்று தடவை கிழிக்கப் போனேன், பாதிப் பட்டறை உங்களுடையது, அதனால் கை வரவில்லை. உங்கள் கையெழுத்து விழாதவரை அது செல்லாதாம். வைத்துக்கொள்வதோ கிழிப்பதோ உங்கள் இஷ்டம். பெரியவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். “எல்லாரும் பயந்தாங்க, எங்கப்பா ஒருத்தர்தான் கையெழுத்துப் போடல” என்று இன்று காலையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.